கையுந்து பந்தில் செட்டர்: ஒரு தேர்வின் வரலாறு

கையுந்து பந்து எனப்படும் வாலிபால் ஆட்டத்தில், அணியின் இரண்டாவது தொடுதலுக்குப் பொறுப்பானவர் செட்டர். எதிரணி அனுப்பும் பந்தை ஒருவர் எடுத்துத் தருவார். அதை அடிப்பவருக்கு ஏற்ற இடத்தில், ஏற்ற உயரத்தில், ஏற்ற வேகத்தில் தூக்கிக் கொடுப்பது செட்டரின் வேலை. எந்தப் பக்கத்திலிருந்து தாக்குவது, யார் அடிப்பது என்ற முடிவு அவர் கையில் இருக்கிறது. கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரரும் கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டும் செய்யும் வேலைக்கு இது இணையானது.

அணியில் மிக அதிகமாகப் பந்தைத் தொடுபவர் செட்டர்தான். ஆனால் புள்ளிக் கணக்கில் அவர் பெயர் அரிதாகவே வரும். இதனால் ஒரு நல்ல செட்டரை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்வி பயிற்சியாளர்களுக்கு எப்போதும் கடினமாக இருந்து வந்துள்ளது. விதிகள் மாறும்போதெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலும் மாறியது. அந்த மாற்றங்களையும், இந்தியாவிலும் தமிழகத்தின் கிருஷ்ணகிரி, சிங்காரப்பேட்டை போன்ற பகுதிகளிலும் அந்தத் தேர்வு நடக்கும் விதத்தையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

செட்டர் இல்லாத ஆட்டம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் 1895இல் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வரும் நடுவயதினருக்குக் கூடைப்பந்து கடுமையாக இருந்ததால், மோதல் இல்லாத ஓர் ஆட்டத்தை அவர் தேடினார். அதற்கு அவர் முதலில் வைத்த பெயர் மின்டோனெட். அடுத்த ஆண்டு அது வாலிபால் ஆனது.

அந்த ஆட்டத்தில் செட்டர் என்று ஒருவர் இல்லை. ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம் என்று இருந்தது. தொடுதலுக்கு எல்லை இல்லாதபோது எந்த ஒரு தொடுதலும் சிறப்பு வாய்ந்ததாக இருக்க முடியாது.

ஒரு பந்தை உயரமாகத் தூக்கி, இன்னொருவர் ஓடிவந்து எகிறி அடிக்கும் முறை 1916 வாக்கில் பிலிப்பைன்ஸில் வளர்ந்தது. 1920இல் ஓர் அணி மூன்று முறைக்கு மேல் பந்தைத் தொடக்கூடாது என்ற விதி வந்தது. முதல் தொடுதல் பந்தை எடுக்க, மூன்றாவது தொடுதல் அடிக்க என்றானபோது, நடுவில் உள்ள ஒரே தொடுதலில் ஆட்டத்தின் திட்டம் முழுவதும் அடங்கியது. செட்டர் என்ற இடம் பிறந்தது அப்போதுதான்.

இந்தியாவுக்கும் ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே இந்த ஆட்டம் வந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதில் பெரும் பங்கு வகித்தது. அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தாம் சென்ற பள்ளிகளுக்கெல்லாம் கையுந்து பந்தைக் கொண்டு சென்றனர். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள மண்தரை ஆகியவை போதும் என்பதால் கிராமங்களில் இது எளிதில் வேர்விட்டது.

ஒன்பது பேரும் ஆறு பேரும்

ஆசியாவில் நீண்ட காலம் ஒன்பது பேர் ஆடும் முறை வழக்கத்தில் இருந்தது. அதில் ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுற்றுவதில்லை. வலைக்கு அருகே நடுவில் நிற்பவர் கடைசிவரை அங்கேயே நிற்பார். எனவே பயிற்சியாளர் தேடியது ஒன்றே ஒன்றுதான்: மென்மையான கை. வலைக்கு அருகில் நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிசகாமல் தூக்கிக் கொடுத்தால் போதும்.

ஆறு பேர் ஆடும் சர்வதேச முறையில் நிலைமை வேறு. சர்வீஸ் உரிமையை மீட்கும் ஒவ்வொரு முறையும் அணி கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகர வேண்டும். இதனால் செட்டர் மூன்று சுற்றுகள் முன்வரிசையிலும் மூன்று சுற்றுகள் பின்வரிசையிலும் இருப்பார். பின்வரிசையில் இருக்கும்போது, எதிரணி சர்வீஸ் அடித்தவுடன் அவர் வலையை நோக்கி ஓடி, முன்வரிசையின் நடுவுக்கும் வலது பக்கத்துக்கும் இடைப்பட்ட இடத்தை அடைய வேண்டும். நின்ற இடத்தில் ஆடியவர் இப்போது ஓடி ஆட வேண்டியதாயிற்று. கையோடு காலையும் பார்க்க வேண்டிய நிலை பயிற்சியாளருக்கு வந்தது.

இந்தச் சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் உருவாயின. நான்கு அடிப்பவர்களும் இரண்டு செட்டர்களும் உள்ள 4-2 முறையில், முன்வரிசையில் இருக்கும் செட்டரே தூக்கிக் கொடுப்பார். இது எளிது, ஆனால் முன்வரிசையில் இரண்டே பேர்தான் அடிக்க முடியும். 6-2 முறையில் பின்வரிசையில் இருக்கும் செட்டர் ஓடிவந்து தூக்குவார், முன்வரிசைக்கு வரும்போது அவரே அடிப்பவராக மாறுவார். 1992, 1996, 2000 என மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற கியூபா பெண்கள் அணி, நன்றாக அடிக்கவும் தெரிந்த இரண்டு செட்டர்களை வைத்து நெடுங்காலம் ஆடியது. 5-1 முறையில் ஒரே செட்டர் எல்லாச் சுற்றுகளிலும் தூக்கிக் கொடுப்பார். இன்று பெரும்பாலான முன்னணி அணிகள் ஆடுவது இம்முறையில்தான். அணி முழுவதும் ஒருவரின் முடிவை நம்பியிருப்பதால், தவறான செட்டரைத் தேர்ந்தெடுத்தால் அதை மறைக்க வழியில்லை.

1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கையுந்து பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, இரண்டு முறைகளும் தனித்தனிப் போட்டிகளாக நடத்தப்பட்டன. ஆறு பேர் முறையில் இந்திய ஆண்கள் வெண்கலம் வென்றனர். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி வென்றனர். தமிழகத்தைச் சேர்ந்த ஏ. பழனிசாமிக்கு 1961இல் அர்ஜுனா விருது கிடைத்தது. கையுந்து பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவரே.

மறைக்கத் தெரிந்த கை

அதுவரை செட்டரிடம் எதிர்பார்க்கப்பட்டது துல்லியம் மட்டுமே. பந்து உயரமாக எழும், அடிப்பவர் பார்த்து ஓடிவந்து அடிப்பார், எதிரணியின் தடுப்பாளர்களும் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்துவிடுவார்கள். உயரமான கிழக்கு ஐரோப்பிய அணிகளுக்கு எதிராக இது பலிக்கவில்லை.

ஜப்பான் ஆண்கள் அணியின் பயிற்சியாளர் யசுதகா மட்சுதைரா இதை வேறு விதமாக அணுகினார். உயரத்தை வெல்ல முடியாவிட்டால் நேரத்தை வெல்லலாம் என்பது அவரது வழி. செட்டரின் கையிலிருந்து பந்து கிளம்பும் முன்பே அடிப்பவர் காற்றில் இருப்பார். பந்து குறைந்த உயரத்தில் நேராக அவர் கைக்குப் போகும். இதற்குக் குயிக் என்று பெயர். செட்டருக்கு முன்னால், பின்னால், அருகில், தள்ளி என இதில் பல வகைகள் அமைந்தன. எகிறுவதுபோல் போக்குக் காட்டி, தடுப்பவர் எகிறி இறங்கும் நேரத்தில் அடிக்கும் உத்தியை ஜுங்கோ மொரிட்டா புகழ்பெறச் செய்தார்.

இவற்றையெல்லாம் இயக்கியவர் செட்டர் கட்சுதோஷி நெக்கோடா. அவர் ஆடிய ஜப்பான் அணி 1964இல் வெண்கலமும் 1968இல் வெள்ளியும் 1972இல் மியூனிக்கில் தங்கமும் வென்றது. மியூனிக் அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதல் இரண்டு செட்களை இழந்த பின்னர் மூன்றையும் வென்று மீண்டது அந்த அணி.

ஜப்பானின் வெற்றிக்குப் பின் பயிற்சியாளர்கள் செட்டரிடம் தேடும் பண்பு மாறியது. முன்னால் தூக்கினாலும் பின்னால் தூக்கினாலும் செட்டரின் உடல் ஒரே நிலையில் இருக்க வேண்டும். முதுகை வளைத்துவிட்டுப் பின்பக்கம் தூக்குபவரை எதிரணி இரண்டாவது செட்டுக்குள் படித்துவிடும். 1970களின் பிற்பகுதியில் தடுப்பின்போது படும் தொடுதலை மூன்றில் ஒன்றாக எண்ணக்கூடாது என்ற விதி வந்தது. தடுப்பில் பட்டுத் திரும்பிய பந்தையும் முறையாக எடுத்து, தூக்கி, அடிக்க வாய்ப்புக் கிடைத்ததால் செட்டரின் வேலை மேலும் கூடியது.

உயரம் பற்றிய விவாதம்

முன்வரிசைக்கு வரும்போது செட்டர் வலது பக்கத்தில் நின்று தடுக்க வேண்டும். அவர் எதிரே நிற்பவர் பெரும்பாலும் எதிரணியின் முதன்மை அடிப்பவர். ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். குள்ளமான செட்டர் முன்வரிசையில் இருக்கும் மூன்று சுற்றுகளிலும் அவர் தலைக்கு மேலேயே எதிரணி அடித்துக்கொண்டிருக்கும். எனவே உயரமான செட்டர் வேண்டும் என்ற கருத்து வலுத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் செட்டர் லாய் பால் 2.03 மீட்டர் உயரம் கொண்டவர்.

இதற்கு நேரெதிரான சான்று ஜப்பானின் யோஷி தகேஷிதா. அவரது உயரம் 159 சென்டிமீட்டர். 2006 உலகச் சாம்பியன் போட்டியில் ஜப்பான் பெண்கள் அணி ஆறாவது இடமே பெற்றது. ஆனாலும் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது தகேஷிதாவுக்கே வழங்கப்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பெண்கள் பிரிவில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவரும் ஒரு செட்டரே. அவர் தங்கம் வென்ற சீன அணியின் தலைவர் ஃபெங் குன்.

தகேஷிதாவைத் தேர்ந்தெடுத்தவர்கள் தடுப்பில் ஏற்படும் இழப்பை அறிந்தே ஏற்றனர். அவர் தரும் வேகமும் துல்லியமும் அந்த இழப்பைவிடப் பெரிது என்று கணக்கிட்டனர். உயரமே வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. இரண்டு செட்டர்களின் கையும் அறிவும் சமம் என்றால் உயரமானவரையே எந்தப் பயிற்சியாளரும் எடுப்பார். தவறு நேர்வது, கையையும் அறிவையும் பார்க்காமல் உயரத்தை முதலில் அளக்கும்போதுதான்.

பிரேசில், 2007

திறமை மட்டுமே போதுமா என்ற கேள்வியை 2007இல் பிரேசில் அணி எழுப்பியது. ரிக்கார்டோ கார்சியா அப்போது உலகின் தலைசிறந்த செட்டராகக் கருதப்பட்டார். 2004 ஒலிம்பிக் தங்கமும் 2002, 2006 உலகப் பட்டங்களும் வென்ற அணிகளில் இருந்தவர் அவர். 2007 உலக லீக் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஆனால் சில நாட்களில், ரியோ டி ஜெனிரோவில் நடக்கவிருந்த பான் அமெரிக்கப் போட்டிக்கான அணியிலிருந்து பயிற்சியாளர் பெர்னார்டினோ அவரை நீக்கினார். காரணம் ஆட்டத்திறன் அல்ல, பயிற்சியாளருக்கும் அவருக்கும் இடையே நம்பிக்கை முறிந்ததே என்று பேசப்பட்டது. நீக்கப்பட்டவரின் இடத்தில் வந்தவர் பெர்னார்டினோவின் மகன் புரூனோ என்பதால் சர்ச்சை பெரிதானது.

பிரேசில் அந்தப் போட்டியில் தங்கம் வென்றது. மறு ஆண்டு ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவிடம் தோற்றது. 2012 லண்டனில் ரிக்கார்டோ அணிக்குத் திரும்பினார், அப்போது முதன்மைச் செட்டராக ஆடியவர் புரூனோ. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் புரூனோ இயக்கிய அணி தங்கம் வென்றது. இரு தரப்பும் தத்தம் பக்கம் நியாயம் சொல்ல இந்த வரலாற்றில் இடமுண்டு. களத்தில் பயிற்சியாளரின் மனத்தைச் செயல்படுத்துபவர் செட்டர் என்பதால், அந்த உறவு முறிந்தால் எவ்வளவு பெரிய திறமைக்கும் அணியில் இடம் கிடைப்பது கடினம் என்பது மட்டும் இதில் உறுதியாகத் தெரிகிறது.

பயிற்சியாளர்கள் பார்ப்பவை

இந்த நூற்றாண்டு அனுபவத்திலிருந்து செட்டர் தேர்வில் கவனிக்கப்படும் பண்புகள் ஓரளவு நிலைபெற்றுள்ளன.

முதலாவது கை. பந்து விரல்களின் நுனியில் ஒலியில்லாமல் பட்டுச் சுழலாமல் கிளம்ப வேண்டும். பந்து சுழன்றால் இரண்டு கையும் ஒரே நேரத்தில் படவில்லை என்று பொருள், நடுவரின் விசில் ஒலிக்கலாம். கையைப் பயிற்சியால் பெருமளவு சீராக்க முடியும். கூடைப்பந்து வளையத்துக்குள் பந்தைத் தூக்கிப் போடுவது, சுவரில் குறியிட்டுத் தூக்குவது ஆகியவை இதற்கான பழைய பயிற்சிகள்.

இரண்டாவது கால். பந்துக்குக் கீழே முதலில் போய்ச் சேர்ந்து நிற்பவருக்குத்தான் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கும். ஓடிக்கொண்டே தூக்குபவருக்கு ஒரே வழிதான் திறந்திருக்கும்.

மூன்றாவது கண். பந்து மேலிருந்து இறங்கும் அரை நொடிக்குள், வலைக்கு அப்பால் தடுப்பாளர்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். கால்பந்தின் நடுக்கள ஆட்டக்காரர் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிதானிக்கலாம். கூடைப்பந்தின் பாயிண்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டே யோசிக்கலாம். செட்டரால் பந்தைப் பிடித்து வைக்க முடியாது. அவர் முடிவு பந்து கைக்கு வரும் முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

நான்காவது, கெட்ட பந்தை அவர் என்ன செய்கிறார் என்பது. முதல் தொடுதல் சரியாக வந்தால் சுமாரான செட்டரும் அழகாகத் தூக்குவார். பந்து வலையில் மோதும்போதும் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னால் போகும்போதும்தான் வேறுபாடு தெரியும். நல்ல செட்டர் ஓடிச் சென்று, அடிக்கத் தகுந்த பந்தாக அதை மாற்றித் தருவார். எடுத்துத் தந்தவரை முறைக்க மாட்டார். சக ஆட்டக்காரரின் பிழையை அடுத்த தொடுதலில் அழிப்பதே அவர் வேலை. 1998இல் பந்தெடுப்பதற்கென்றே லிபரோ என்ற ஆட்டக்காரர் அறிமுகமானார். ஆனால் முன்பகுதியில் நின்று லிபரோ விரல்களால் தூக்கும் பந்தை வலைக்கு மேல் உயரத்தில் அடிக்க விதி இடம் தருவதில்லை. அதனால் செட்டரின் இடத்தை லிபரோவால் நிரப்ப முடியாது.

ஐந்தாவது, மனிதர்களைப் பற்றிய நினைவு. யார் இரண்டு பந்தை வெளியே அடித்துத் தளர்ந்திருக்கிறார், யாருக்கு இன்று கை ஓடுகிறது, யாருக்குத் தள்ளித் தூக்கினால் பிடிக்கும் என்பதெல்லாம் செட்டருக்கு நினைவில் இருக்க வேண்டும். தடுக்கப்பட்ட அடிப்பவருக்கே மறுபடியும் பந்தைத் தருவதா, சற்று ஓய்வு கொடுப்பதா என்பது அவர் தினமும் எடுக்கும் முடிவு. பழைய முறையில் சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்தது. 1990களின் இறுதியில், ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை வந்தபின் அந்த முடிவுகளின் விலை உயர்ந்துவிட்டது.

இந்த ஐந்தில் முதல் இரண்டைத் தனியாக ஒரு மைதானத்தில் சோதிக்கலாம். மற்ற மூன்றும் ஆட்டத்தில் மட்டுமே தெரியும், அதுவும் பல ஆட்டங்களைப் பார்த்தால்தான் தெரியும். செட்டர் தேர்வின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

இந்தியாவில்

இந்தியக் கையுந்து பந்துக் கூட்டமைப்பு 1951இல் உருவானது. பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டபின் முறையான பயிற்சியாளர் கல்வி வந்தது. அதன் தென்மையம் பின்னர் பெங்களூரில் அமைந்தது. தமிழகத்தின் வடமேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த மையம் சென்னையைவிட அருகில் இருக்கிறது.

1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் ஜப்பானை வென்று வெண்கலம் பெற்றனர். அதற்குப் பின் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கையுந்து பந்தில் பதக்கம் கிடைக்கவில்லை. அந்த அணியைப் பற்றிப் பேசும்போது மக்கள் நினைவுகூர்வது ஜிம்மி ஜார்ஜின் எகிறலையும் அடியையும்தான். அவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தது யார் என்று கேட்டால் பெரும்பாலோர் விழிப்பார்கள். ரசிகர்களின் இந்த மறதி தேர்வாளர்களிடமும் ஓரளவு உண்டு. நீளமான கையும் உயரமான எகிறலும் உள்ள இளைஞர்களைத் தேடி முகாம்கள் நடத்தப்படுகின்றன. செட்டருக்கென்று தனியாக ஒரு தேடல் நடப்பது குறைவு.

எனினும் செட்டர்கள் கவனம் பெற்ற தருணங்களும் உண்டு. கேரளத்தின் செட்டர் கே.ஜே. கபில்தேவ் 2010இல் அர்ஜுனா விருது பெற்றார். தமிழகத்தைச் சேர்ந்த செட்டர் மோகன் உக்கிரபாண்டியன் இந்திய அணியின் தலைவராக இருந்தார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியா பலம் வாய்ந்த தென்கொரியாவை 3-2 என்று வென்று, இறுதியில் ஆறாவது இடம் பெற்றது. அந்த அணியின் செட்டர் முத்துசாமி அப்பாவு. அதே ஆண்டு பிரைம் வாலிபால் லீக் பட்டம் வென்ற அகமதாபாத் டிஃபெண்டர்ஸ் அணியிலும் அவர் ஆடினார். இந்த லீக்கிலும், 2019இல் சென்னை ஸ்பார்ட்டன்ஸ் வென்ற புரோ வாலிபால் லீக்கிலும் ஒரு செட்டுக்கு 15 புள்ளிகள் என்று வைக்கப்பட்டது. செட் சுருங்கியதால் செட்டரின் ஒரு தவறான முடிவையும் ஈடுகட்டப் போதிய பந்துகள் இருப்பதில்லை.

சிங்காரப்பேட்டை முதல் ஓசூர் வரை

சிங்காரப்பேட்டை கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலையை அடுத்து அமைந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் மைசூர்ப் போர்களில் பாராமகாலுக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே படைகள் கடந்த கணவாய் வழி இது. இன்று அதே சாலையில் இளைஞர்கள் எதிர்த்திசையில் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள்.

தமிழகக் கிராமங்களைப் போலவே இப்பகுதியிலும் கையுந்து பந்து இரண்டு வழிகளில் வளர்கிறது. ஒன்று பள்ளி. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுப் பிரிவுகளில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகக் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் நடக்கின்றன. மற்றொன்று ஊர்த் திடல். பொங்கலுக்கும் திருவிழாக்களுக்கும் மின்னொளிப் போட்டிகள் நடத்தப்படும். விடிய விடிய ஆடி, காலையில் கோப்பையும் பரிசுத் தொகையும் வாங்கிச் செல்லும் அணிகள் உண்டு.

ஊர்த் திடலில் செட்டர் உருவாகும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். உயரமானவர்கள் அடிக்கப் போவார்கள். மிச்சம் இருக்கும் குள்ளமான பையனிடம் "நீ தூக்கிக் குடு" என்பார்கள். அவன் தூக்கிப் பழகுவான். அண்ணன்மார்களின் திட்டுக்குப் பயந்து கெட்ட பந்துக்கும் ஓடுவான். சில ஆண்டுகளில் கை, கால், கண் மூன்றும் அவனுக்கு வந்துவிடும். யார் எப்படி அடிப்பார் என்பது மனப்பாடம் ஆகிவிடும். யாரும் திட்டமிடாமலேயே திடல் ஒரு செட்டரைத் தயாரித்துவிடுகிறது.

அடுத்த படியில் அவன் நிற்கும் இடம் வேறு. பள்ளி மாணவர்களின் பொதுவான திறன் தேர்வுகள் ஓட்டம், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல் போன்றவற்றை அளக்கின்றன. விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வில் உயரத்துக்கு முதன்மை உண்டு. இந்த அளவீடுகள் தடகளத்துக்கும் அடிப்பவர்களுக்கும் பொருந்துகின்றன. கெட்ட பந்தை நல்ல பந்தாக மாற்றும் பையனை இவை காட்டுவதில்லை. ஊரில் மிச்சமானவன் என்பதால் செட்டர் ஆனவன், தேர்வில் உயரம் குறைவு என்பதால் மீண்டும் மிச்சமாகிறான்.

நேரமும் அவனுக்கு எதிராக இருக்கிறது. அடிப்பவரின் திறமை பதினாறு வயதில் கண்ணுக்குத் தெரியும். செட்டரின் முடிவெடுக்கும் திறன் முதிர ஆண்டுகள் ஆகும். அடிப்பவர்களோடு சேர்ந்து ஆடிய மணிநேரங்கள்தான் அதை வளர்க்கின்றன. பள்ளி முடித்ததும் அணியில் இரண்டு பேர் ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போய், மற்றவர்கள் வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் சேர்ந்துவிட்டால் அந்த மணிநேரங்கள் அறுந்துவிடும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை போன்றவற்றின் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை, கிராமத்து ஆட்டக்காரருக்கு ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும் வாய்ப்பு. அந்த வயதுவரை யார் கண்ணிலும் படாத செட்டருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

இதைச் சரிசெய்யப் பெரும் செலவு தேவையில்லை. செட்டர்களைத் தனியாகப் பெயர் குறித்துக்கொண்டு, ஒரே நாளில் அளந்து அனுப்பாமல், பழகாத அடிப்பவர்களோடு சேர்த்து மூன்று நான்கு ஆட்டங்கள் ஆடவிட்டுப் பார்க்கலாம். முதல் தொடுதல் பிசகிய பந்துகளை மட்டும் எண்ணி, அவற்றில் எத்தனை அடிக்கத் தக்க பந்துகளாயின என்று ஒரு தாளில் குறித்தாலே போதும், உயர அளவுகோல் காட்டாத ஒன்று தெரிந்துவிடும். மாவட்டப் போட்டிகளில் சிறந்த அடிப்பவருக்குத் தருவதுபோல் சிறந்த செட்டருக்கும் ஒரு பரிசு வைத்தால், தேர்வாளர்களின் பார்வை இரண்டாவது தொடுதலின் பக்கமும் திரும்பும். 159 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை உலகின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்ததும் அந்தத் தொடுதலைத்தான்.